எபிடியூரல் ஊசியின் அரிய சிக்கல்கள்: வடசென்னைத் தாய்மார்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும்

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்துப் பிரசவ மருத்துவமனைகளில் பல வருடங்களாக மயக்க மருந்து மருத்துவராக வேலை செய்கிறேன். இங்கே எல்லோருக்கும் நான் ‘மயக்க டாக்டரம்மா’. முதுகில் ஊசி என்றதுமே பெண்கள் முகம் மாறுவதைத் தினமும் பார்க்கிறேன். வலியின் நடுவே அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு அரை நிமிடத்தில் பதில் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தப் பதில்களை நிதானமாக இங்கே எழுதியிருக்கிறேன். இதில் வரும் எண்கள் பெரும்பாலும் பிரிட்டனில் மயக்க மருந்து மருத்துவர்கள் தாய்மார்களுக்குத் தரும் தகவல் அட்டையில் இருப்பவை.

சிசேரியனுக்கு முதுகில் போடுவதும் எபிடியூரலும் ஒன்றா?

இரண்டும் வேறு வேறு. சிசேரியனுக்குப் பெரும்பாலும் போடுவது ஸ்பைனல். மிக மெல்லிய ஊசி, ஒரே ஒரு முறை. மருந்து தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீருக்குள்ளேயே போகும். ஐந்து, பத்து நிமிடத்தில் இடுப்புக்குக் கீழே மரத்துவிடும்.

எபிடியூரல் என்பது பிரசவ வலி குறைய வைப்பது. அந்த நீரைப் பிடித்து வைத்திருக்கும் டியூரா என்ற உறைக்கு வெளியே ஒரு மெல்லிய இடைவெளி இருக்கிறது. ஊசியை அங்கே நிறுத்தி, அதன் வழியாகச் சேமியா போன்ற ஒரு குழாயை உள்ளே விட்டு, ஊசியை எடுத்துவிடுவோம். முதுகில் தங்குவது குழாய் மட்டும்தான். பிரசவம் முடியும்வரை அதன் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து போகும்.

பக்கத்து வீட்டு அக்கா “எனக்கும் முதுகுல போட்டாங்க” என்று சொல்வது எந்த ஊசியை என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் பத்தில் ஒன்பது கதைகள் ஸ்பைனல் கதைகளாகத்தான் இருக்கும்.

தண்டுவடத்துல குத்திட்டா காலு வெளங்காம போயிடுமா?

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர் பெரும்பாலும் மாமியார். அவர் கேட்பதில் தவறே இல்லை.

பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் முதல் அல்லது இரண்டாவது முதுகெலும்பு அருகிலேயே முடிந்துவிடுகிறது. நாங்கள் ஊசி போடுவது அதற்குக் கீழே, பெரும்பாலும் மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் இடையில். அந்த மட்டத்தில் இருப்பவை நீரில் மிதக்கும் தனித்தனி நரம்பு இழைகள். எபிடியூரல் ஊசியோ அந்த நீர்ப்பைக்கும் வெளியே நிற்க வேண்டியது.

அதை எப்படிக் கண்டுபிடிக்கிறோம் என்றும் சொல்லிவிடுகிறேன். ஊசியின் பின்னால் உப்பு நீர் நிரம்பிய சிரிஞ்சைப் பொருத்தி, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்துவோம். கெட்டியான தசைநாருக்குள் இருக்கும்வரை நீர் இறங்காது, விரல் முட்டும். அதைத் தாண்டிய அந்த நொடியில் எதிர்ப்பு சட்டென்று போய், நீர் வழுக்கிக்கொண்டு இறங்கும். அதுதான் இடம். அந்த நொடியில் நீங்கள் அசையாமல் இருந்தால் போதும் என்று நான் கெஞ்சுவது இதனால்தான். காசிமேட்டுப் பெண்களிடம் “இறா மாதிரி சுருண்டுக்கோம்மா” என்பேன். உடனே புரிந்துவிடும்.

சரி, எண்ணுக்கு வருவோம். கால் செயலிழப்பது உள்ளிட்ட கடுமையான, நிரந்தரமான பாதிப்பு சுமார் 2,50,000 பேரில் ஒருவருக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் திருவொற்றியூர் நகரின் மக்கள்தொகை ஏறக்குறைய 2,49,000. தேரடி முதல் விம்கோ நகர் வரை அன்று இருந்த ஒவ்வொருவருக்கும் போட்டிருந்தால் அதில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒருவருக்கு அது முழு வாழ்க்கை என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் கீழே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அவ்வளவு அரிதென்றால் இந்தப் பயம் எங்கிருந்து வந்தது?

ஒரு பகுதி, உண்மையாகவே நடந்த விபத்துகளிலிருந்து. 1947 அக்டோபரில் இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்ட் மருத்துவமனையில் ஒரே நாளில், சிறிய அறுவைச் சிகிச்சைக்காக ஸ்பைனல் போட்டுக்கொண்ட இரண்டு ஆண்களுக்கும் கால்கள் போய்விட்டன. அவர்கள் தொடுத்த வழக்கில் 1954-ல் தீர்ப்பு வந்தது. மருந்துக் குப்பிகளைப் பினால் என்ற கிருமிநாசினிக் கரைசலில் ஊற வைத்தபோது கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாக அது உள்ளே கசிந்திருக்கலாம் என்றார்கள். கருவிகளைக் கொதிக்க வைத்த பாத்திரத்தில் இருந்த அமிலம்தான் காரணம் என்று பிற்காலத்தில் வாதிட்டவர்களும் உண்டு. எதுவானாலும், அங்கே காலைப் பறித்தது ஊசியின் நுனி அல்ல. உள்ளே போகக் கூடாத ஒன்று போனதுதான்.

இன்று ஊசியும் குழாயும் ஒரு முறை மட்டும் பயன்படுத்தும் மூடிய உறையில் வருகின்றன. ஆனால் தவறான மருந்து போகும் அபாயம் முழுதாகப் போய்விடவில்லை. ரத்தப்போக்கை நிறுத்தும் டிரானெக்ஸாமிக் அமிலம் குப்பி மாறி முதுகுக்குள் போன சம்பவங்கள் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2022-ல் எச்சரித்தது. குப்பியின் பெயரை நாங்கள் ஒருவருக்கொருவர் சத்தமாக வாசிப்பதைக் கேட்டால் “இது கூடத் தெரியாதா இவங்களுக்கு” என்று நினைக்காதீர்கள். அப்படித்தான் செய்ய வேண்டும்.

ஊசி போட்ட பிறகு தலைவலி வரும்கிறாங்களே?

வரலாம். எபிடியூரலில் சுமார் 100 பேரில் ஒருவருக்கு, ஸ்பைனலில் சுமார் 500 பேரில் ஒருவருக்கு. இங்கே எழுதியிருக்கும் பெரிய சிக்கல்களில் அவ்வளவு அரிதல்லாதது இதுதான். சரியாகக் கவனிக்காமல் விட்டால் அரிதான பெரிய சிக்கல்களுக்குக் கதவு திறப்பதும் இதுதான்.

எபிடியூரல் ஊசி கொஞ்சம் தடிமனானது. ஒரு முடியளவு அதிகமாக நகர்ந்தால் டியூராவில் ஓட்டை விழும். அதன் வழியாக நீர் கசியும். மூளை மிதந்துகொண்டிருப்பது அந்த நீரில்தான். நீர் குறைந்தால், உட்காரும்போதும் நிற்கும்போதும் மூளை கீழே இழுபடும். அதனால்தான் இந்தத் தலைவலிக்கு ஓர் அடையாளம் உண்டு: எழுந்தால் பிளக்கும், படுத்தால் தணியும். கழுத்து இறுகும், காது அடைக்கும், வெளிச்சம் கூசும். பெரும்பாலும் மூன்று நாளுக்குள் தொடங்கும்.

இந்த வலி மருத்துவர்களுக்குப் புதிதல்ல. 1898-ல் ஜெர்மனியின் கீல் நகரில் அகஸ்ட் பியர் என்ற அறுவை மருத்துவர் தன் முதுகிலேயே உதவியாளரைக் கொண்டு ஊசி போட்டுப் பார்த்தார். சிரிஞ்சு சரியாகப் பொருந்தாமல் நீர் நிறைய வெளியேறிவிட்டது. அடுத்த ஒன்பது நாள், படுத்தால் சரியாகி எழுந்தால் திரும்பும் தலைவலியோடு கிடந்தார். அதை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

என் கையாலும் அது நடந்திருக்கிறது. சில வருடங்களுக்கு முன், மழைக்கால இரவு ஒன்றில், காசிமேட்டுப் பெண் ஒருத்திக்குத் தலைப்பிரசவம். ஊசி உள்ளே இருக்கும்போது வலி ஏறி, அவள் உடம்பு ஒரு முறை உதறியது. கண்ணாடி போன்ற நீர் ஊசியின் பின்பக்கத்திலிருந்து சொட்டி, கையுறையின் மேல் வெதுவெதுப்பாக விழுந்தது. இன்னோர் இடத்தில் குழாயை வைத்தேன், பிரசவம் நல்லபடியாக முடிந்தது. விடியற்காலை இரண்டரை மணிக்கு அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். தலைவலி வந்தால் உடனே சொல்லு என்றேன். மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனாள். ஏழாம் நாள்தான் திரும்பி வந்தாள், ஆட்டோவின் பின்சீட்டில் படுத்தபடியே. நான்கு நாளாகக் குழந்தைக்குப் படுத்துக்கொண்டே பால் கொடுத்திருக்கிறாள். “பச்ச ஒடம்பு, அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கோ” என்று அவளுடைய ஆயா, அதாவது பாட்டி, சொல்லியிருக்கிறார். அந்த ஆயாவை நான் குறை சொல்ல மாட்டேன். அவரிடம் நான் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லையே. இரவெல்லாம் வலியில் கிடந்து அப்போதுதான் பெற்றவளின் காதில் மட்டும் சொன்னது என் தவறு. அன்றிலிருந்து சீட்டில் எழுதிக் கொடுக்கிறேன். வீட்டுக்குப் பெரியவர் யாரோ அவரையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்கிறேன்.

அதுக்கு வைத்தியம் என்ன? திரும்பவும் முதுகுல ஊசியா?

லேசான வலி என்றால் வலி மாத்திரை, தண்ணீர், காபி, ஓய்வு. ஒன்றிரண்டு வாரத்தில் ஓட்டை தானாக மூடும். குழந்தையைத் தூக்க முடியாத அளவுக்கு வலி என்றால் பிளட் பேட்ச். உங்கள் கையிலிருந்து சுமார் 20 மில்லி ரத்தத்தைச் சுத்தமாக எடுத்து, அதே இடைவெளியில் மெதுவாகச் செலுத்துவோம். ரத்தம் உறைந்து ஓட்டையை அடைக்கும். நீர் எடுக்கும்போது ரத்தம் கலந்து வந்தவர்களுக்குத் தலைவலி குறைவாக இருப்பதைக் கவனித்து, 1960-ல் ஜேம்ஸ் கார்ம்லி என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் தொடங்கிய வைத்தியம் இது.

ஆமாம், திரும்பவும் முதுகில் ஊசிதான். அந்தப் பெண்ணும் அதைக் கேட்டு அழுதாள். போட்டு ஒன்றரை மணி நேரம் மல்லாக்கப் படுக்க வைத்தேன். பிறகு மெதுவாக எழுந்து உட்கார்ந்தவள், கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “புள்ளைய குடுங்க” என்றாள்.

எல்லோருக்கும் ஒரே தடவையில் சரியாகாது, சிலருக்கு இரண்டாவது முறையும் தேவைப்படும். போட்ட சில நாட்களுக்குக் குனிந்து பளு தூக்கக் கூடாது. நம் பக்கத்தில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும்: தண்ணீர் லாரி வந்தாலும் குடம் தூக்கக் கூடாது, அடிபம்பில் கை வைக்கக் கூடாது.

தலகாணி வெக்கக் கூடாது, தண்ணி நெறய குடிக்கக் கூடாதுன்றாங்க, சரியா?

தலையணை இல்லாமல் ஒரு நாள் முழுக்க அசையாமல் கிடந்தால் தலைவலி வராது என்பது பழைய நம்பிக்கை. படுப்பது வலியைத் தணிக்கும், வருவதைத் தடுக்காது. தலையணை வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீர் விஷயத்தில் நான் கண்டிப்பாகவே பேசுவேன். “தண்ணி குடிச்சா வயிறு போட்டுடும்” என்று பிள்ளை பெற்றவளுக்கு டம்ளர் கணக்கில் அளந்து கொடுக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பிரசவத்துக்குப் பிறகு சில வாரங்கள் ரத்தம் இயல்பாகவே சீக்கிரம் உறையும். உடம்பில் நீரும் வற்றினால், மூளையிலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுவரும் நாளங்களில் கட்டி அடைக்கலாம். நம் நாட்டில் பிரசவித்த பெண்களுக்கு வரும் பக்கவாதத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம். டியூராவில் ஓட்டை விழுந்தவர்களுக்கும் மிக அரிதாக இது வந்திருக்கிறது. அதே ஓட்டையால் மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்ததும் உண்டு, அதுவும் மிக அரிது.

அதனால் இதைக் கவனியுங்கள். எழுந்தால் வலி, படுத்தால் நிம்மதி என்றிருந்த தலைவலி, படுத்தாலும் விடாமல் மாறினால் அது வேறு விஷயம். கூடவே வலிப்பு, வாந்தி, இரட்டையாகத் தெரிவது, ஒரு பக்கம் கை கால் தளர்வு, பேச்சுக் குழறல் எது இருந்தாலும் அந்த மணி நேரமே மருத்துவமனை. கர்ப்பத்தில் பிரஷர் இருந்தவர்களுக்குப் பிரசவத்துக்குப் பிறகும் பிரஷர் ஏறித் தலை வலிக்கலாம். எல்லாத் தலைவலியையும் ஊசியின் மேல் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். முதலில் பிரஷர் பாருங்கள்.

முதுகுக்குள்ள ரத்தம் கட்டிக்கும்னு படிச்சேன். எனக்கு டெங்கு வந்து பிளேட்லெட் குறைஞ்சிருக்கு. போடலாமா?

எபிடியூரல் இடைவெளியில் நிறைய சிறு ரத்தக்குழாய்கள் இருக்கின்றன. ஊசி உரசினால் இரண்டு சொட்டு ரத்தம் வந்து தானாக நின்றுவிடும். ரத்தம் உறையாத நிலையில் மட்டும் அது நிற்காமல் சேர்ந்து, கட்டியாகித் தண்டுவட நரம்புகளை அழுத்தும். எலும்புக்குள் இருக்கும் இடம், வீங்குவதற்கு வழியில்லை. பிரசவத்தில் இது சுமார் 1,70,000 பேரில் ஒருவருக்கு.

இந்த எண் இவ்வளவு சிறியதாக இருப்பதற்கு ஒரு காரணம், ஆபத்துள்ளவர்களுக்கு நாங்கள் போட மறுப்பதுதான். ரத்தம் உறைய உதவும் அணுக்களான பிளேட்லெட் 70,000-க்கு மேல் நிலையாக இருந்தால், வேறு ரத்தக் கோளாறு இல்லாத பெண்ணுக்குப் பெரும்பாலும் போடலாம். டெங்குவில் அது நிலையாக இருக்காது. காலையில் 95,000, மாலையில் 60,000 என்று சரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைத் தெருக்களில் தண்ணீர் நின்றால் அடுத்த சில வாரங்களில் டெங்குக் காய்ச்சலோடு நிறைமாதப் பெண்கள் வருவார்கள். அப்போது இரண்டு நாள் பழைய ரிப்போர்ட் எனக்குப் பயன்படாது. வேறு வலி நிவாரணம் கொடுப்போம். கோபப்படாதீர்கள். பிரஷரோடு ஈரல் பாதிப்பும் சேர்ந்து பிளேட்லெட் குறைபவர்களுக்கும் இதேதான்.

அடுத்து, ரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் ஹெப்பாரின் வகை ஊசி போட்டுக்கொள்பவர்கள். அடிக்கடி கரு கலைந்தவர்கள், இதய வால்வு மாற்றியவர்கள், காலில் ரத்தம் உறைந்தவர்கள். அந்த வகையில் ஒன்றான எனோக்ஸாபரின் குறைந்த அளவு என்றால் கடைசி ஊசிக்குப் பிறகு 12 மணி நேரம், முழு அளவு என்றால் 24 மணி நேரம் கழிய வேண்டும். வலி எடுத்தால் அடுத்த ஊசியைப் போடாமல் வந்துவிடுங்கள். கடைசியாகப் போட்ட நேரத்தை ஒரு தாளில் குறித்து வாருங்கள். குறைந்த அளவு ஆஸ்பிரின் மட்டும் சாப்பிடுபவர்களுக்குத் தடையில்லை.

கட்டி வந்துவிட்டால் அறிகுறி என்ன? மரத்துப்போனது தெளிய வேண்டிய நேரத்தில் தெளியாது. தெளிந்த கால் மறுபடியும் தளரும். முதுகில் கடும் வலி வரும், சிலருக்கு வலியே இருக்காது. உடனே எம்.ஆர்.ஐ. எடுத்து, அறிகுறி தொடங்கிய 8 முதல் 12 மணி நேரத்துக்குள் அறுவை செய்து கட்டியை எடுத்தால் கால் திரும்ப வர நல்ல வாய்ப்பு. ஒரு நாள் கழிந்தால் வாய்ப்பு மிகவும் குறைவு. “காலையில டாக்டர் ரவுண்ட்ஸ் வரட்டும், கேட்கலாம்” என்று இரவைக் கடத்துவது எனக்குப் பயம் தருகிறது. ஊசியைவிட அதற்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

நீங்களே சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். கடைசி மருந்து போய் நான்கு மணி நேரத்தில், படுத்தபடியே முட்டியை மடக்காமல் குதிகாலைப் படுக்கையிலிருந்து தூக்க முடிய வேண்டும். முடியவில்லை என்றால் எந்த நேரமானாலும் நர்ஸைக் கூப்பிட்டு “மயக்க டாக்டரை வரச் சொல்லுங்க” என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

சீழ் பிடிக்குமா? மூளைக் காய்ச்சல் வருமா?

எபிடியூரல் இடைவெளியில் சீழ்க்கட்டி சுமார் 50,000-ல் ஒருவருக்கு, மூளையுறை அழற்சி சுமார் 1,00,000-ல் ஒருவருக்கு.

சீழ்க்கட்டி மெதுவாக வரும். வீட்டுக்குப் போய்ப் பல நாள், சில வாரம் கழித்துக்கூட. காய்ச்சல், ஊசி போட்ட இடத்தில் நாளுக்கு நாள் ஏறும் வலி, பிறகு கால் தளர்ச்சி. காய்ச்சல் வந்தால் “பால் கட்டிக்கிச்சு” என்றும், பிதற்றினால் “ஜன்னி கண்டிடுச்சு” என்றும் வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள். பால் கட்டியிருக்கலாம், தையலில் சீழ் இருக்கலாம். ஆனால் “எனக்கு முதுகுல எபிடியூரல் போட்டாங்க” என்று பார்க்கும் மருத்துவரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

மூளையுறை அழற்சியில் பலமுறை கண்டுபிடிக்கப்பட்ட கிருமி, நம் எச்சிலில் சாதாரணமாக வாழும் ஒரு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகை. ஊசி போடுபவரின் வாயிலிருந்து போயிருக்கிறது. அதனால்தான் முகக்கவசம் இல்லாமல் யாரையும் அருகில் விடுவதில்லை. முதுகில் கட்டியோ புண்ணோ இருந்தால் மறைக்காமல் காட்டுங்கள்.

மருந்து வேற எடத்துக்குப் போயிட்டா?

இரண்டு வழியில் போகலாம். குழாய் ரத்தக்குழாய்க்குள் இருந்தால், மருந்து நேராக மூளைக்கும் இதயத்துக்கும் போகும். நாக்கு மரப்பது, வாயில் இரும்புச் சுவை, காதில் இரைச்சல், படபடப்பு. முதலில் வருவது இவைதான், பிறகுதான் வலிப்பு. குழாய் நீர்ப்பைக்குள் இருந்தால், மரப்பு மார்புக்கும் கைக்கும் ஏறும், மூச்சுவிடக் கஷ்டமாகும், பிரஷர் இறங்கும். நினைவு தப்புவது வரை போவது சுமார் 1,00,000-ல் ஒருவருக்கு.

இதற்காகத்தான் முதலில் ஒரு சிறு சோதனை அளவு கொடுத்துவிட்டு, கால் தூக்கச் சொல்லி, நாடியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். அப்போது “ஏதாவது வித்தியாசமா இருக்கா?” என்று கேட்பது சம்பிரதாயத்துக்கு இல்லை. வாய் கசந்தாலும் சொல்லுங்கள். மருந்து இதயத்தைத் தாக்கினால், சோயா எண்ணெயில் செய்த, பால்போல் வெள்ளையான 20% கொழுப்புத் திரவத்தை ரத்தக்குழாயில் ஏற்றுவோம், அது மருந்தை ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். எபிடியூரல் வைக்கும் இடத்தில் அந்தப் பாட்டில் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். நல்ல இடத்தில் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மரப்பு மேலே ஏறினால், மருந்து தீரும்வரை சில மணி நேரம் மூச்சுக்கு உதவி செய்தால் போதும், முழுதாகத் திரும்பிவிடுவார்கள்.

பிரசவமாகி ரெண்டு நாளாச்சு, தொடையில ஒரு பக்கம் மரத்தே இருக்கு. ஊசியாலதானே?

பெரும்பாலும் இல்லை. குழந்தையின் தலை இடுப்பெலும்பில் இறங்கும்போது அங்குள்ள நரம்புகளை அழுத்தும். கால்களை மடக்கி வெகு நேரம் முக்கினால் தொடையின் வெளிப்பக்க நரம்பு இடுப்பில் நசுங்கும். பாதம் தொங்கிப்போவதும் உண்டு. ஊசியே போடாத பெண்களுக்கும் இது வரும். பிரசவித்த நூறு பேரில் ஒருவருக்கு இப்படி ஏதோ ஒன்று இருக்கும், வாரங்களில் சரியாகும்.

ஊசியால் வரும் தற்காலிக நரம்புப் பாதிப்பு சுமார் 1,000-ல் ஒருவருக்கு, ஆறு மாதத்துக்கு மேல் நீடிப்பது சுமார் 13,000-ல் ஒருவருக்கு. எதனால் என்று பரிசோதித்தால்தான் தெரியும். எனவே “தானா போயிடும்” என்று விடாமல் காட்டுங்கள்.

மரத்த காலுக்கு வெந்நீர் ஒத்தடமும் வெந்நீர்ப் பையும் வேண்டவே வேண்டாம். சூடு தெரியாது, தோல் வெந்துவிடும். அப்படிக் கொப்புளித்த காலோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பாசத்தோடு வைத்த ஒத்தடம்தான்.

அப்போ இந்த ஆயுசு முழுக்க வர இடுப்பு வலி?

ஊசி குத்திய இடம் சில நாள் வலிக்கும், தொட்டால் நோகும். அதற்கு மேல் மாதக்கணக்கில் வரும் முதுகுவலி, எபிடியூரல் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஒரே அளவில்தான் வருகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் சொல்கின்றன. பத்து மாதம் சுமந்த முதுகு, தளர்ந்த தசைநார்கள், குனிந்து பால் கொடுப்பது, மூன்றாம் மாடிக்குக் குழந்தையோடு குடத்தையும் தூக்குவது, இவைதான் காரணங்கள். பழி மட்டும் ஊசிக்கு.

மாமியாருக்கு முட்டி ஆபரேஷன், வூட்டுக்காரருக்கு டிஸ்க் வலிக்கு முதுகுல ஊசி. அவங்களுக்கும் இதே கணக்கா?

இல்லை, அவர்களுக்குக் கவனம் அதிகம் தேவை. ஸ்வீடனில் 1990 முதல் 1999 வரை போட்ட முதுகு ஊசிகளைக் கணக்கெடுத்தபோது, பிரசவ எபிடியூரலில் 2,00,000-க்கு ஒன்று என்றிருந்த ரத்தக்கட்டு, முட்டி மாற்று அறுவை செய்த பெண்களுக்கு எபிடியூரலில் 3,600-க்கு ஒன்று என்று இருந்தது. வயதான எலும்பில் இடைவெளி குறுகியிருக்கும், ரத்தம் உறையாமலிருக்க மருந்தும் கொடுப்பார்கள். மாமியார் இதயத்துக்குச் சாப்பிடும் மாத்திரைச் சீட்டை அப்படியே எடுத்துப் போங்கள். எதை, எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவர் சொல்லட்டும், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

துறைமுகத்தில் மூட்டை சுமந்து டிஸ்க் போன அண்ணன்மார்களுக்கு எபிடியூரலில் போடுவது ஸ்டீராய்டு. சர்க்கரை இருந்தால் சில நாள் ஏறும், பார்த்துக்கொள்ள வேண்டும். 2012-ல் அமெரிக்காவில் பூஞ்சை கலந்த ஸ்டீராய்டு மருந்தால் 750 பேருக்கு மேல் நோய்வாய்ப்பட்டு 60-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். ஊசி போடும் இடம் சுத்தமான அறுவை அரங்கா, எக்ஸ்ரே பார்த்துப் போடுகிறார்களா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

கண் இமை ஒரு பக்கம் இறங்கிடுச்சு, உடம்பெல்லாம் அரிக்குது. பயப்படணுமா?

அரிப்பு, நடுக்கம், லேசான காய்ச்சல், சிறுநீர் கழிக்கச் சிரமம் எல்லாம் சாதாரணமாக வருபவை. ஒரு பக்க இமை இறங்கிக் கண்மணி சுருங்குவது அரிது, மருந்து கொஞ்சம் மேலே ஏறியதன் அடையாளம். சொல்லுங்கள், பார்ப்போம். மருந்து தெளிந்ததும் சரியாகிவிடும்.

வீட்டுக்குப் போன பிறகு எதற்கெல்லாம் திரும்பி வர வேண்டும்?

கால் தளர்வது. சைக்கிள் சீட் படும் இடம் மரப்பது. சிறுநீர், மலம் தெரியாமல் போவது அல்லது போகவே வராதது. காய்ச்சலோடு முதுகுவலி. ஊசி போட்ட இடத்தில் சிவப்பு, சீழ். எழுந்தால் பிளக்கும் தலைவலி. கழுத்து இறுகி வெளிச்சம் கூசுவது. இவற்றில் ஒன்று போதும், இரண்டாவது வரக் காத்திருக்க வேண்டாம்.

கால் தளர்வு என்றால் பிரசவம் பார்த்த சிறு மருத்துவமனைக்குப் போன் செய்துகொண்டே பெரிய இடத்துக்குக் கிளம்புங்கள். ஸ்டான்லியிலும், சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் நரம்பியல் அறுவைத் துறை இருக்கிறது. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். 1880-லிருந்து நம் பக்கத்துக் குழந்தைகள் பிறக்கும் ஆஸ்பத்திரி, ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது. அங்கே பெற்றவர்கள் அங்கேயே தொடங்கலாம். எண்ணூர், மணலியிலிருந்து வருபவர்கள் கன்டெய்னர் லாரி நெரிசலையும் ரயில்வே கேட்டையும் கணக்கில் வைத்து உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஒரு தடவை சிக்கல் வந்தால் அடுத்த பிரசவத்துக்குப் போட முடியாதா?

பெரும்பாலும் போடலாம். முன்பு என்ன நடந்தது என்று தெரிந்திருந்தால் இடத்தையும் முறையையும் மாற்றிக்கொள்வோம். அதனால் டிஸ்சார்ஜ் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஏழாவது, எட்டாவது மாதத்திலேயே மயக்க மருந்து மருத்துவரிடம் காட்டுங்கள். ஊசி போட எத்தனை முறை முயன்றார்கள், எந்தக் காலில் மரத்தது, பிளட் பேட்ச் போட்டார்களா, எல்லாம் பயன்படும்.

அந்தக் காசிமேட்டுப் பெண் மூன்று வருடம் கழித்து வலியோடு வந்தாள். கர்ப்பிணி அட்டை வைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள் நான்காக மடித்த ஒரு சீட்டும் இருந்தது. பிளட் பேட்ச் போட்ட அன்று நான் எழுதிக் கொடுத்தது. “இந்தவாட்டி ஆயாவையும் கூட்டியாந்திருக்கேன், அவுங்ககிட்டயும் சொல்லிடுங்க” என்றாள். ஆயாவைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு அவள் இறால்போலச் சுருண்டுகொள்ள, முன்பு போட்டதற்கு ஓர் இடைவெளி கீழே, எபிடியூரல் வைத்தேன்.